எலும்புக் கச்சேரியில் ஒரு மடிப்பிள்ளை

கிட்ட வந்து உட்காருங்கள், இன்னும் கொஞ்சம் கிட்ட, காற்று அடிக்கிற பக்கம் உட்கார்ந்தால் பாதிச் சொல்லை அது தூக்கிக்கொண்டு போய்விடும். இது தண்ணீரே இல்லாத ஊரில் ஒரு திமிங்கலம் பிள்ளை பெற்ற கதை, சத்தமாய்ச் சொன்னால் அந்தப் பிள்ளை முழித்துக்கொள்ளும்.

சுக்காம்பாறை என்று ஓர் ஊர். கிணறு வெட்டினால் பாறை, பாறையை வெடி வைத்து உடைத்தால் அதற்கடியில் இன்னொரு பாறை, அதையும் உடைத்தால் தண்ணீருக்குப் பதில் புகைதான் வரும் என்று அந்த ஊர்க்காரர்களே சிரித்துக்கொண்டு சொல்லுவார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் அந்தக் காலத்தில் ஒரு ஜமீன்தார் இருந்தார். பிறவியிலேயே அவருக்கு நெஞ்சு பலவீனம், கடற்காற்று பட்டால் ஆள் தேறமாட்டார் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். அவருக்கோ கடல்மேல் சொல்லி முடியாத ஆசை. நான் கடலுக்குப் போகக்கூடாது என்றால் கடல் என்னிடம் வரட்டும் என்று, சங்கும் சிப்பியும், பவளப்பாறையும் கடல்குதிரையும், ஆமை ஓடும், ரம்பம் மாதிரி பல் வைத்த வேளாமீன் கொம்பும், வைக்கோல் திணித்த கடல்பசுவும் வண்டி வண்டியாய் வரவழைத்தார். கடைசியில், எந்தக் கரையிலோ ஒதுங்கின ஒரு திமிங்கலத்தின் எலும்பை ஒன்று விடாமல் மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, அதற்கென்றே ஒரு பெரிய கூடம் கட்டி, உத்தரத்திலிருந்து கம்பி போட்டுத் தொங்கவிட்டார். அதன் நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் காலைக் காப்பி குடிப்பாராம். "என் மகளே" என்றுதான் அதைக் கூப்பிடுவாராம். அவருக்கு வேறு பிள்ளை கிடையாது.

அவர் காலம் முடிந்ததும் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. வாசல் பலகையில் அருங்காட்சியகம் என்று எழுதியிருக்கும், சர்க்கார் ஆபீஸைக் கச்சேரி என்று சொல்லிப் பழகின ஊரில் எல்லாருக்கும் அது எலும்புக் கச்சேரி. வெயில் பொறுக்காத நாட்களில் ஊரே அங்கேதான் கிடக்கும். காய்கறி விற்று முடித்தவள் கடல்குதிரைப் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள், பெண் பார்க்க வந்தவர்கள் பவளப்பாறைக்கு முன்னால் நின்று பேசுவார்கள், அழுகிற பிள்ளையைத் திமிங்கலத்துக்குக் கீழே படுக்கப்போட்டால் அண்ணாந்து பார்த்து அழுகையை மறந்துவிடும். அதென்ன சாதாரணமான உடம்பா? தலை ஒரு வண்டி நீளம், நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு கல்யாணப் பந்தி போடலாம், முதுகெலும்பு ஒவ்வொன்றும் ஆட்டுக்கல் மாதிரி, வால் பக்கம் போகப்போக அதுவே கொழுக்கட்டை மாதிரிச் சிறுத்துக்கொண்டு போகும். இத்தனை பெரிய உடம்பைத் தண்ணீர் எப்படித் தாங்கியது என்று, தண்ணீரையே குடத்தில் மட்டும் பார்த்த அந்தச் சனங்கள் அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலிக்கப் பார்ப்பார்கள்.

அந்தக் கூடத்துக்குக் காவல் செண்பகவடிவு. வடிவக்கா என்றால்தான் தெரியும். மூங்கில் கழியில் துணி சுற்றி எலும்பெல்லாம் தூசி தட்டுவாள், தரையைக் கழுவுவாள், கண்ணாடி ஜாடியைத் தொடுகிறவனை வாயாலேயே அடிப்பாள். வடிவு தானாய்ப் பார்த்து ஒரு லாரிக்காரனைக் கட்டிக்கொண்டவள். அதனால் தலைப்பிரசவத்துக்கு அவளைக் கூட்டிப்போகத் தாய்வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, அடுத்த தெருவில் இருந்த அண்ணன்மார் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள், பிள்ளைக்கு அரைஞாண் கயிறு கட்ட ஒரு தாய்மாமன் இல்லாமல் புருஷனே கட்டினான். அந்த மகளுக்குக் கல்யாணமே ஆகிப்போய்விட்டது, இருந்தாலும் அந்தச் சாத்தின கதவு வடிவு மனசில் திறக்கவே இல்லை.

ஓர் ஆனி மாதத்துக் காலையில் வடிவு கூடத்தைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஈர வாடை வந்தது. ஜாடிகளுக்குள் இத்தனை வருஷம் சுவரைப் பார்த்து நின்ற கடல்குதிரை எல்லாம் நடுக்கூடத்தைப் பார்த்துத் திரும்பி நின்றது. அவளும் பார்த்தாள். திமிங்கலத்தின் வயிற்றோரமாய், கம்பி இல்லாமல் கயிறு இல்லாமல், ஒரு குட்டித் திமிங்கலத்தின் எலும்பு காற்றில் மிதந்துகொண்டிருந்தது. தேங்காய்க் கீற்று மாதிரி வெள்ளை. தாய் எலும்பு லேசாய் ஒரு பக்கம் சாய்ந்து அதை அணைத்தாற்போல் இருந்தது. கீழே தரையில் உப்புப் பூத்திருந்தது, ஒரு பூனை வந்து தரையில் சொட்டியிருந்த பாலை நக்கிக்கொண்டிருந்தது.

வடிவு முதலில் செருப்பைக் கழற்றிவிட்டாள். பிறகு அவிழ்ந்து கிடந்த தலையை அள்ளி முடிந்துகொண்டாள்.

"பெத்துட்டியா தாயி?" என்றாள். "ஒத்தையிலயே பெத்துட்டியா? என்னய ஒரு குரல் கூப்பிட்டிருக்கப்படாதா?"

கச்சேரிக்கு அதிகாரி தனுஷ்கோடி சார், ஒல்லியான மனுஷன், பொய் சொல்ல வராது. மூச்சிரைக்க ஓடிவந்து ஏணி போட்டு ஏறி, கம்பி இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"வடிவு, இத யாரு இங்க தொங்கவிட்டது?"

"யாரு சார் தொங்கவிடணும்? ஆத்தா பக்கத்துல பிள்ள கெடக்கு."

அவர் மறுபடி ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, மெதுவாய், "ஆணா, பொண்ணா?" என்றார்.

"பாத்தாலே தெரியலயா? பொண்ணு."

அதற்குள் சேதி ஊருக்குள் போய்விட்டது. எலும்பு எப்படிப் பிள்ளை பெறும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, தலைப்பிரசவமாச்சே, வலி எத்தனை நேரம் எடுத்ததோ என்றுதான் கேட்டார்கள். வாசலில் வேப்பிலை சொருகினார்கள். ஆண்கள் கண்டபடி உள்ளே வரக்கூடாது என்று பெண்கள் தடுத்துவிட்டார்கள், தனுஷ்கோடி சார் தன் மேசையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். சுக்கும் மிளகும் இடித்துப் பிரசவ மருந்தாய்க் காயம் கிண்டி, தாய்த் திமிங்கலத்தின் தாடைக்குக் கீழே வாழையிலையில் வைத்தார்கள். பால் ஊறட்டும் என்று ஒருத்தி பால்சுறாப் புட்டு அவித்துக்கொண்டு வர, வாசலிலேயே வடிவு மறித்தாள்.

"ஏளா, மூளை இருக்கா ஒனக்கு? அவ வீட்டுப் பக்கத்து ஆள அவிச்சு அவளுக்கே குடுக்கிறியே!"

"அப்போ என்னதான் மதினி குடுக்க?"

"பூண்டுக் குழம்பு வை. நெறைய நல்லெண்ணெய் விட்டு வை."

பூண்டுக் குழம்பு வைத்த மறுநாளே தரையில் பால் கூடுதலாய்ச் சொட்டியது. அதற்குப் பிறகு அந்த ஊரில் வடிவு சொன்னதுதான் சட்டம். குட்டியும் வளர்ந்தது, தாயைச் சுற்றிச் சுற்றி நீந்தப் பழகியது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வந்தால் அவர்கள் தலைக்கு மேல் இறங்கி வந்து வாலை ஆட்டும். அந்தக் காற்று பட்டவர்களுக்கு, கடலைக் கண்ணால் காணாதவர்களுக்கும், வாயில் உப்புக் கரித்தது. அதை நாக்கில் சப்புக்கொட்டிக்கொண்டு, இப்படித்தான் இருக்குமா, இப்படித்தான் இருக்குமா என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் ஊர் வாய் அடங்கவில்லை. பிள்ளைக்கு அப்பன் யார்?

சந்தை நாளன்று கடற்கரையிலிருந்து கருவாட்டுக் கூடையோடு சவேரியார் அண்ணாச்சி வந்து இறங்கினார். கூடையை இறக்குமுன்னே பெண்கள் அவரை வளைத்துக்கொண்டார்கள்.

"வாங்க வாங்க, பிள்ள பெத்து இத்தன நாளாச்சு, ஒங்க ஊர்லேர்ந்து ஒருத்தரு எட்டிப் பாக்கலயே! வெறுங்கைய வீசிக்கிட்டு வாறீகளே, நல்லாருக்கா?"

சவேரியார் கூடத்துக்குள் போய்ப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதீக தாயி," என்றார். "இதோட அப்பன் எங்க பக்கத்துக் கடல்லதான் கெடப்பான். போன வாரம்லாம் கரையோரமா வந்து வந்து மூச்சு விட்டுட்டுப் போனான், எதுக்கு வாறான்னு எங்களுக்குப் பிடிபடல. இப்பல்ல தெரியுது."

"அப்போ தாய்மாமன் நீங்கதானே?" என்றாள் வடிவு.

"அதெப்படி? நான் அப்பன் ஊர்க்காரன்லா. எனக்குப் பெரியப்பன் முறை. மாமன் முறையத் தாய்வீட்டுப் பக்கம் தேடுங்க."

அடுத்த சந்தைக்கு அவர் பெரிய கேன் நிறையக் கடல்தண்ணீர் கொண்டுவந்து அப்பன் வீட்டுச் சீர் என்று வைத்தார். அதை வேப்பிலையால் தெளித்ததும் குட்டி அப்படிச் சுழன்று ஆடியது. ஆனால் தாய்மாமன் இடம் காலியாகத்தான் இருந்தது. தாய்வீடு என்றால் ஜமீன்தார் வீடு, இந்தக் கூடம்தான். ஜமீன்தாருக்கு மகன் கிடையாது. மாமன் வந்து அரைஞாண் கயிறு கட்டிப் பேர் சொல்லாத பிள்ளையை வாசல்படி தாண்டவிட மாட்டார்கள் அந்த ஊரில். பேர் இல்லாமலே அது வளர்ந்தது. வடிவு தூசி தட்டும்போது கழி அந்தப் பிள்ளைப் பக்கம் போனால் ஒரு நொடி நின்றுவிடும்.

இப்போது தனுஷ்கோடி சார் செய்த காரியத்தைக் கேளுங்கள். பொய் சொல்ல வராத மனுஷன் என்றேனே, கூடத்தில் ஒரு திமிங்கலம் கூடியிருக்கிறது என்று தலைநகரத்துக்கு உள்ளது உள்ளபடி தெரிவித்துவிட்டார். அவர்களுக்கும் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஒரு காட்சியகத்துக்கு ஒரு திமிங்கலம்தான் விதி, உபரியாய் இருப்பதைத் தலைநகரத்துக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. சார் அதை வாசித்துச் சொல்லிவிட்டு வராந்தாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நான் கெடுத்துட்டேன் வடிவு."

"நீங்க மட்டும் என்ன செய்வீங்க சார், நெசத்தச் சொன்னீங்க," என்றாள் வடிவு. உள்ளே போய்த் தாய்த் திமிங்கலத்தின் துடுப்பெலும்பைப் பிடித்துக்கொண்டாள். "ஒனக்கும் வர ஆளில்லைன்னு நெனச்சுட்டாங்கடி," என்றாள்.

லாரி வந்தது. அதில் வைக்கோலும் சாக்கும் இருந்தன, கூடவே ஒரு காரில் பெரிய அதிகாரி சற்குணம் வந்தார். தும்பைப்பூச் சட்டை, தலை நரைத்த ஆள், யாரையும் அதட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாய் இருந்தது. ஊர்ச் சனமெல்லாம் வாசலில் கூடி நின்றது. சண்டைக்கு நிற்கப்போகிறாள் என்று எல்லாரும் வடிவைப் பார்த்தார்கள். அவளோ அதிகாரிக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கார் டிரைவருக்கும் ஒரு செம்பு கொடுத்து, நிழலில் உட்காரவைத்து, ஊர் பேர் கேட்டுவிட்டு, "ஒங்க ஐயாவுக்குக் கூடப்பொறந்தவுக எத்தன பேரு?" என்று கேட்டாள்.

"ஐயாவுக்கு யாரும் இல்லக்கா. ஒத்தப் பிள்ள. அவுக அம்மாவும் போன வருசம் தவறிட்டாங்க. வீட்டுக்குப் போகவே மனசில்லாம ஆபீஸ்லயே உக்காந்திருப்பாரு."

வடிவு செம்பை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

உள்ளே ஆட்கள் ஏணி போட்டுவிட்டார்கள். குட்டியின் வாலில் ஒருத்தன் கை வைத்ததும் தாய் எலும்பு மொத்தமும் முறுகிற சத்தம், பெரிய மரக்கதவு ஒன்று மெதுவாய்த் திறக்கிற மாதிரி. ஜாடிகளுக்குள் இருந்த தண்ணீரெல்லாம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நின்றது. ஏணியில் இருந்தவன் கையை எடுத்துவிட்டான்.

"ஐயா," என்றாள் வடிவு, "தாராளமா எடுத்துட்டுப் போங்க. சர்க்கார் சொத்து, நாங்க யாரு தடுக்க? ஆனா பேரில்லாத பிள்ளைய வாசப்படி தாண்டவிட்டா இந்த ஊரு தாங்காது. கயித்தக் கட்டி, காதுல ஒரு பேரச் சொல்லிட்டுக் கொண்டுபோங்க. ஒரு நிமிசம்."

"சொல்லிட்டாப் போச்சு. சொல்லும்மா நீயே."

"நான் சொல்லப்படாது ஐயா. தாய்மாமன்தான் சொல்லணும்."

"சரி, அவரைக் கூப்பிடு."

"அவருதான் வந்து நிக்காருல்ல," என்றாள் வடிவு. "இவ ஜமீன்தார் மக. அவருக்கப்புறம் இந்த வீட்டுக்கு வாரிசு சர்க்கார். சர்க்காருன்னா இன்னிக்கு இங்க யாரு? நீங்கதானே?"

சற்குணம் தனுஷ்கோடி சாரைப் பார்த்தார். பொய் சொல்ல வராத தனுஷ்கோடி சார், "முறை சரியாத்தான் சார் வருது," என்றார்.

ஒரு நிமிடம்தானே என்று அவரும் கறுப்புக் கயிற்றை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். வால் பக்கம் கயிற்றைச் சுற்றும்போது முடிச்சு விழாமல் நழுவியது. இதுவரை எந்தப் பிள்ளைக்கும் அவர் அதைக் கட்டினதில்லை. திமிங்கலத்துக்குக் காதெலும்பு சிப்பி மாதிரிச் சுருண்டு இருக்கும். அதன் பக்கம் குனிந்தவர் நிமிரவே இல்லை, கீழே எல்லாரும் காத்துக்கொண்டு நின்றார்கள். அவருடைய அம்மா, பெண் ஒன்று பிறந்தால் வைக்கவேண்டும் என்று சாகிறவரைக்கும் ஒரு பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். பெண் பிறக்கவில்லை, அந்தப் பேரும் யாருக்கும் ஆகாமலே கிடந்தது.

"பவளக்கொடி," என்றார். "பவளக்கொடி. பவளக்கொடி."

குட்டி மெல்லத் திரும்பி, தன் தலையை அவர் தோள்மேல் வைத்துக்கொண்டது.

பெண்கள் போட்ட குலவையில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சத்தம் அடங்கும்வரைக்கும் காத்திருந்துவிட்டு வடிவு ஏணிக்குக் கீழே வந்து நின்றாள். இப்போது அவள் ஐயா என்று சொல்லவில்லை.

"அண்ணே, ஒங்க வேல முடிஞ்சுது. எறங்குங்க. பிள்ளைய எறக்கி லாரியில ஏத்தச் சொல்லுறேன். ஆத்தாகாரிகிட்ட மட்டும் நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க. ஒங்க தங்கச்சிகிட்ட நாங்க எப்படிச் சொல்ல?"

சற்குணம் இறங்கவில்லை. தோளில் கிடந்த பாரத்தை அசைக்காமல், தாய்த் திமிங்கலத்தின் கண் இருந்த குழியைப் பார்த்தபடி ஏணியிலேயே நின்றார். லாரி ஆட்கள் சாக்கை மடிக்கவா விரிக்கவா என்று தெரியாமல் நின்றார்கள்.

"விதின்னு ஒண்ணு இருக்கும்மா," என்றார். "ஒரு இடத்துக்கு ஒண்ணுதான். நான் அங்க போயி என்ன சொல்லுவேன்?"

"பஸ்ஸில பிள்ளைய மடியில வச்சிக்கிட்டுப் போனா டிக்கெட்டு கேப்பாங்களா அண்ணே?"

"கேக்கமாட்டாங்க."

"ஏன்?"

"மடிப்பிள்ள ஆள் கணக்குல வராது."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. கூட்டத்தில் முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள், ஏணியில் நின்றபடியே அவரும் சிரித்துவிட்டார், சிரிக்கச் சிரிக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருந்தாலும் அதிகாரி அதிகாரிதானே, சும்மா விட்டுவிட முடியுமா? பஸ்ஸில் ஏறுகிற இடத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்கள் பாருங்கள், பிள்ளையின் தலை அதைத் தாண்டினால் டிக்கெட் எடுக்கவேண்டும் என்று, அதே மாதிரி கூடத்தின் தரையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போடச் சொன்னார். தாயை ஒட்டிக் கிடக்கும்போது குட்டியின் மூக்கு நுனி அந்தக் கோட்டைத் தாண்டாத மட்டும் அது மடிப்பிள்ளை. தாண்டிவிட்டால் தனி ஆள், விதிப்படி எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். வருஷா வருஷம் தானே வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். மாமன் வந்த வண்டி வெறுமனே திரும்பக்கூடாது என்று லாரி நிறையப் பனங்கிழங்கும் சோளமும் ஏற்றி அனுப்பினார்கள்.

அவரும் சொன்ன சொல் தவறவில்லை. ஆனி பிறந்தால் காரில் வந்து இறங்குவார். முதல் வருஷம் வெள்ளிக் கொலுசு கொண்டுவந்தார், அதை எங்கே போடுவது என்று ஊரே கூடி யோசித்து வாலில் மாட்டியது. அதற்கடுத்த வருஷம் தொட்டில் சேலை. குட்டியைக் கேட்கவா வேண்டும், பூண்டுக் குழம்பும் கடல்தண்ணீரும் இத்தனை பேர் ஆசையும் சேர்ந்து ஆளாய் வளர்ந்தது. தாயின் முக்கால்வாசிக்கு வந்துவிட்டது. இரண்டும் ஒன்றின் பின் ஒன்றாய்க் கூடத்தைச் சுற்றும்போது ஜன்னல் வெளிச்சம் எலும்புக்கு நடுவில் நுழைந்து தரையெல்லாம் அலை அலையாய் ஓடும், அதற்குள் கால் நனைகிற மாதிரி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் உண்டு. மாமன் ஒவ்வொரு தடவையும் கோட்டுக்கு நேரே நிற்பார், அண்ணாந்து மூக்கு நுனியைப் பார்ப்பார், குனிந்து கோட்டைப் பார்ப்பார், "இன்னும் மடிப்பிள்ளைதான்," என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

போன ஆனியில்தான் ஒரு சின்னப் பிசகு. அவர் நின்ற இடத்தில் மஞ்சள் பெயிண்ட் செருப்பில் ஒட்டி, வராந்தா வரைக்கும், வாசல் வரைக்கும், காரின் கதவு வரைக்கும் மஞ்சள் மஞ்சளாய்க் காலடி விழுந்தது. அவரும் அதைப் பார்த்தார், தனுஷ்கோடி சாரும் பார்த்தார், ஊரும் பார்த்தது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

இந்த ஆனியில் வடிவு விடிந்ததும் கூடத்தைத் திறந்தாள். மண்ணெண்ணெய்த் துணியால் பழைய கோட்டைத் துடைத்து எடுத்தாள். மேலே படுத்துக் கிடந்த பவளக்கொடியின் மூக்கு நுனியை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, அதற்கு ஒரு சாண் தள்ளி, கை கோணாமல் புதுக்கோடு ஒன்று இழுத்தாள். தெருமுனையில் மாமன் கார் ஹாரன் கேட்டது. வடிவு முந்தானையை உருவிக்கொண்டு அப்படியே தரையில் மண்டிபோட்டு, அந்த ஈரக்கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் விசிறிக் காயவைத்தாள்.